ஏங்க, குழாயை நிறுத்துங்க

பழங்காநத்தத்தில் மலையாண்டியின் வீட்டைக் கண்டுபிடிக்க முகவரி தேவையில்லை. காது இருந்தால் போதும். வாசலில் நிற்கும் டாடா ஏஸில் பாதி, வீட்டுக்குள் பாதி என்று ஸ்பீக்கர் பெட்டிகள். சுவரோரம் சீரியல் செட் விளக்குச் சுருள்கள். மொட்டை மாடியில் கவிழ்த்து வைத்த பழைய குழாய் ஒலிபெருக்கிகள். வீட்டு முகப்பில் 'மலையாண்டி ஒலி ஒளி அமைப்பு' என்று ஒரு போர்டு. அதில் ஒலியை ஒளியைவிடப் பெரிதாக எழுதச் சொன்னது அவன்தான். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கருமாதி, எதுவானாலும் முதல் நாள் முன்னறையில் உட்கார்ந்து ஆம்ப்ளிஃபயரைச் சோதிப்பான். "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ" என்று ஆரம்பித்தான் என்றால் அடுப்படியில் எவர்சில்வர் தட்டு தானாக நகரும். கல்யாணமான நாளிலிருந்து அவன் மூன்றுக்கு மேல் எண்ணி அவன் மனைவி தங்கப்பொண்ணு கேட்டதில்லை.

அவனைச் சும்மா குறை சொல்லவும் முடியாது. அவன் அப்பா அழகர்கோவில் பக்கத்தில் அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர். வரப்பில் நின்று அவர் கூப்பிட்டால் ஏறிட்டுப் பார்க்காத ஊர் அது. அந்த ஊரில் மகன் போய் வேப்பமரத்தில் குழாய் கட்டிய அன்று, அதே ஆட்கள் காதைப் பொத்திக்கொண்டாவது கேட்டார்கள். அன்றைக்கு முடிவு செய்துவிட்டான், மனுசன் என்றால் சத்தம் வேண்டும் என்று. முடிவு நல்ல முடிவுதான். அதை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்ததுதான் வினை.

தங்கப்பொண்ணுக்கு ஊமை வாய் ஒன்றும் இல்லை. ஆனால் அவள் என்ன சொன்னாலும் அவனுக்கு ஒரே பதில்தான். "என்ன? சத்தமாச் சொல்லு!" சத்தமாகச் சொன்னால், "எதுக்குக் கத்துற?" இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பெண் எதைத்தான் பேசுவாள்? பேசாமல் விட்டுவிட்டாள். காலேஜில் இரண்டாம் வருசம் படிக்கும்போது கல்யாணம் பேசி முடித்தார்கள். அப்போது சொல்ல நினைத்ததையே அவள் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.

மகள் தமிழ்வாணி நர்சிங் படிக்கக் கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போன வருசம், தங்கப்பொண்ணு மறுபடி காலேஜில் சேர்ந்தாள். விண்ணப்பத்தை மகள்தான் போனிலேயே போட்டுக் கொடுத்தாள். திருநகரைத் தாண்டி மெயின் ரோட்டில் இருக்கும் ஒரு தனியார் கல்லூரியில் விஸ்காம். அந்தக் கல்லூரிக்குச் சொந்தமாக ஒரு பண்பலை வானொலி உண்டு என்பதற்காகவே அதைத் தேர்ந்தெடுத்தாள். சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? "மக படிக்கப் போனா, அம்மா சமையல் பண்ணிப் போடணும். இவ என்னடான்னா பை மாட்டிக்கிட்டுப் போறா" என்றார்கள். "இந்த வயசுல ரேடியோவுல பேசி எவன் கேக்கப் போறான்?" என்றார்கள். எவன் கேட்பான் என்று அவளுக்கும் தெரியாது.

மலையாண்டி தடுக்கவில்லை. "போ, போ. நம்ம தொழில்தான" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு ஆம்ப்ளிஃபயரைத் துடைக்கப் போய்விட்டான்.

கல்லூரி வாட்ச்மேன் மூன்று வருசமும் அவளை யாரோ ஒரு பிள்ளையின் அம்மா என்றே நம்பினார். "பிள்ளையப் பாக்க வந்தீகளா? பெல் அடிக்கட்டும்" என்பார். அவள் அடையாள அட்டையை எடுத்துக் காட்டுவாள். "பிள்ளை கார்டை நீங்க போட்டுக்கிட்டு வரக் கூடாது" என்று கண்டிப்பார். கடைசி வருசம் அவள் விளக்குவதை விட்டுவிட்டு, பெல் அடிக்கும் முன்னாலேயே வந்து, அவர் விடும் வரை கேட்டில் நிற்கக் கற்றுக்கொண்டாள்.

அதைவிடக் கூத்து பெற்றோர் ஆசிரியர் கூட்டம். மாணவர்கள் பாதுகாவலரைக் கட்டாயம் அழைத்து வர வேண்டும் என்பது விதி. விதியை எழுதியவர்களுக்கு இப்படி ஒரு மாணவி வருவாள் என்று தெரியாது, தெரிந்த பிறகும் மாற்ற மனமில்லை. ஆக மலையாண்டி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, சட்டைப் பையில் பேனாவைச் செருகிக்கொண்டு வந்து, மற்ற அப்பாக்களோடு வரிசையில் உட்கார்ந்தான். துறைத் தலைவர் மாதங்கி முன்னால் அவன் முறை வந்தது. மாதங்கி தங்கப்பொண்ணைவிட வயதில் சின்னவர். வகுப்பில் பேர் சொல்லிக் கூப்பிடுவார், வெளியில் வந்தால் "அக்கா" என்பார்.

"பிள்ளை எப்படிங்க மேடம் படிக்குது?" என்று கேட்டான் மலையாண்டி.

"நல்லாப் படிக்கிறாங்க. கிளாஸ்லதான் கொஞ்சம் அதிகமாப் பேசுறாங்க."

"பேசுறாளா?" மலையாண்டிக்கு நிஜமாகவே ஆச்சரியம். பக்கத்தில் நின்ற மனைவியைத் திரும்பிப் பார்த்தான். "வீட்ல வாயே திறக்க மாட்டாளே!"

தங்கப்பொண்ணுக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வரும் வழியில், பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள்.

அந்த வானொலியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வேதியியல் துறையின் பழைய ஸ்டோர் ரூம்தான் ஸ்டுடியோ. சத்தம் தடுக்கச் சுவரில் எவ்வளவு பஞ்சு ஒட்டினாலும் ஏதோ ஒரு ஆசிட் வாடை மூலையில் இருந்துகொண்டே இருக்கும். சமுதாயத்துக்கான வானொலி என்று வாசலில் எழுதியிருந்தது. சமுதாயத்தில் முதல் ஆள் கல்லூரிச் செயலாளர் அனந்தராமன். காலையில் அவருடைய தன்னம்பிக்கைச் சிந்தனைகள். மதியம் அதன் மறு ஒலிபரப்பு. மாலையில், காலையில் தவறவிட்டவர்களுக்காக இன்னொரு முறை. இடையில் பெண்கள் நேரம் என்று ஒன்று. அதில் ரசம் வைப்பது எப்படி என்று சொல்வார்கள், மதுரையில் ரசம் வைக்கத் தெரியாத பெண்கள் திரண்டு காத்திருப்பதைப் போல. மார்கழி மாதம் வானொலியிலேயே கோலம் போடக் கற்றுக்கொடுத்தார்கள். "நேர்ப்புள்ளி பதினஞ்சு, இடையில வளைச்சு, அப்படியே இந்தப் பக்கமா இழுங்க" என்று ஒரு பெண் சொல்ல, எந்தப் பக்கம் என்று கேட்க ஒரு ஜீவன் இல்லை.

அங்கேதான் தங்கப்பொண்ணு முதன்முதலில் மைக் முன்னால் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் வாயைத் திறந்ததும், "அனைவருக்கும் வணக்கம்! இவ்விழாவிற்கு வருகை தந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே!" என்று ஒரு போடு போட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலி அளவு காட்டும் விளக்கெல்லாம் சிவப்பாக எரிந்தது. கூடப் படித்த பிள்ளைகள் காதிலிருந்து ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தார்கள். பாவம், அவள் என்ன செய்வாள்? மைக் என்றால் இப்படித்தான் என்று ஒரே வாத்தியாரிடம் இத்தனை வருசம் கேட்டு வளர்ந்தவள்.

மாதங்கி உள்ளே வந்து பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். "அக்கா, எதிர்ல கூட்டம் இல்ல. கூட்டத்தை மறந்துடுங்க. ரேடியோ கேக்கறது எப்பவும் ஒரே ஒரு ஆள்தான். அடுப்படியில, கடையில, ஆட்டோவுல, தனியா. அந்த ஒரு ஆள் உங்க பக்கத்துல உக்காந்து நீங்க சொல்றதக் கேக்கறதா நினைச்சுக்கிட்டுப் பேசுங்க."

தங்கப்பொண்ணு யோசித்தாள். "பக்கத்துல உக்காந்து நான் சொல்றதக் கேட்ட ஆளு யாருமே இல்லையே மேடம். யாரை நினைக்க?"

"கண்டுபிடிங்க" என்றார் மாதங்கி.

எதிர்வீட்டில் இட்லி மாவு விற்கும் சோலை அக்காவை நினைத்துப் பார்த்தாள். கற்பனையில்கூட சோலை அக்கா இவளைப் பேச விடவில்லை. மகளை நினைத்தால் சிரிப்பு வந்தது. செத்துப்போன அப்பாவை நினைத்தால் அழுகை வந்தது. கடைசியில் யாரையும் நினைக்காமல், ஒரு காலி நாற்காலியை எதிரில் போட்டு அதைப் பார்த்துப் பேசினாள். அது சுமாராக வந்தது.

மூன்றாம் வருசக் கடைசியில் அறிவிப்பு வந்தது. வானொலிக்குச் சம்பளத்தோடு ஒரு நிரந்தர அறிவிப்பாளர் வேண்டும், படித்து முடிக்கும் மாணவிகளில் ஒருவருக்குத்தான். தங்கப்பொண்ணு அந்த வேலைக்கு ஆசைப்பட்டாள். சும்மா ஆசை இல்லை, ராத்திரி சோறு இறங்காத ஆசை. இது கிடைக்காவிட்டால் பட்டத்தை பீரோவில் வைத்துவிட்டு, மறுபடி தட்டு நகர்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். இந்த வயதில் வேறு எந்த ஸ்டேஷனும் அவளைக் கேட்டுக்குள் விடாது, அங்கேயும் வாட்ச்மேன் இருப்பான்.

செயலாளருக்கு ஸ்ரீஜாவைத்தான் பிடித்திருந்தது. ஸ்ரீஜா நல்ல பெண். இருபது வயது, மூச்சு விடாமல் பேசுவாள், ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் காரணமில்லாமல் சிரிப்பாள். "அதுதான் ரேடியோ வாய்ஸ்" என்றார் அனந்தராமன். "தங்கப்பொண்ணு வாய்ஸ்ல மண்வாசனை இருக்கு. மண்வாசனை நல்லதுதான். ஆனா டெய்லி வேணுமா?"

மாதங்கி விடவில்லை. ஆளுக்கு ஒரு மணி நேரம் நேரலை கொடுப்போம், நேயர்கள் போனில் பேசட்டும், யாருக்கு நன்றாக வருகிறதோ அவர்களுக்கு வேலை என்றார். செயலாளர் ஒத்துக்கொண்டார். முதலில் ஸ்ரீஜாவின் நேரலை நடந்தது. பிடித்த பாட்டு, பிடித்த ஐஸ்கிரீம், சிரிப்பு. கூப்பிட்டவர்களும் சிரித்தார்கள். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கப்பொண்ணுக்கு. ரசம் பற்றிப் பேசலாமே என்றார் செயலாளர். அவள் மாட்டேன் என்றாள். நிகழ்ச்சிக்கு 'சொல்லாம விட்டது' என்று பேர் வைத்தாள். வீட்டில் சொல்ல நினைத்துச் சொல்லாமலே விட்ட ஒன்றை நேயர்கள் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

சனிக்கிழமை சாயங்காலம் மலையாண்டியிடம் சொன்னாள். "நாளைக்குப் பத்து மணிக்கு நான் பேசுறேங்க. அதை வச்சுத்தான் வேலை. முடிஞ்சாக் கேளுங்க."

"என்ன? சத்தமாச் சொல்லு."

சத்தமாகச் சொன்னாள்.

"எம்புட்டுத் தூரம் கேக்கும்?"

"பத்து கிலோமீட்டர்."

"குழாய் இல்லாமயா?" மலையாண்டியின் முகம் ஒரு மாதிரி ஆனது. அவனுடைய மிகப் பெரிய குழாய் அழகர் திருவிழாவில் நல்ல காற்று அடித்த அன்றுகூட அடுத்த ஊர் எல்லையைத் தொட்டதில்லை. மோவாயைத் தடவினான். "அம்புட்டுத் தூரம் போயி என்ன பண்ண? நம்ம தெருவுல கேக்கணும்ல" என்றான். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அங்கேதான் தப்புச் செய்தாள்.

மறுநாள் அவள் பஸ் ஏறியதும் மலையாண்டி மாடிக்கு ஏறினான். குழாய்க்குப் போலீஸ் தடை போட்டு வருசக்கணக்கு ஆகிறது. ஆனால் நம் ஊரில் தடை என்றால் கட்டக் கூடாது என்றா அர்த்தம்? போலீஸ் வரும் வரை கட்டலாம் என்று அர்த்தம். மின்கம்பத்தில் ஒன்று, ராஜபாண்டியின் டீக்கடைக் கூரையில் ஒன்று, தெருமுனைக் கோயில் அரசமரத்தில் ஒன்று என்று கட்டினான். ஒரு எஃப்.எம். ரேடியோவை ஆம்ப்ளிஃபயரில் சொருகினான். பிறகு வீடு வீடாகப் போனான். "பத்து மணிக்கு நம்ம வீட்ல பேசுறாக. எல்லாரும் போன் போடணும். ஒரு வீடு விடக் கூடாது. போன்ல காசு இல்லன்னா எங்கிட்டச் சொல்லுங்க, நான் போட்டு விடுறேன்." முழுக்க முழுக்க அன்பு. அதில் சந்தேகமே இல்லை. அந்த மனுசனுக்குத் தெரிந்த ஒரே விதத்தில் அன்பு.

பத்து மணிக்குத் தங்கப்பொண்ணு ஹெட்போனை மாட்டினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாதங்கி, அவர் பின்னால் காபி டம்ளரோடு செயலாளர். காலி நாற்காலியைப் பார்த்து வணக்கம் சொன்னாள். குரல் தடுமாறாமல் வந்தது. முதல் அழைப்பு வந்தது.

"தங்கம்! நான்தான்டி, சோலை பேசுறேன்!"

அடுத்த நொடி ஹெட்போனுக்குள் இன்னொரு தங்கப்பொண்ணு பேசினாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. "வணக்கம், ணக்கம், ணக்கம்" என்று அவள் சொன்னதெல்லாம் சுற்றிச் சுற்றி வந்து ஏறிக்கொண்டே போய், கடைசியில் ஒரே ஊளையாக மாறியது.

"அக்கா, உங்க ரேடியோ சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுக்குங்க" என்றாள், பாடத்தில் சொல்லிக்கொடுத்தபடி.

"எங்க வீட்ல ரேடியோவே இல்லையேடி!" என்று கத்தினாள் சோலை அக்கா. அதற்குப் பிறகு ஊளையைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

அழைப்பைத் துண்டித்தாள். அடுத்தது டீக்கடை ராஜபாண்டி, அதே ஊளை. அடுத்தது அயர்ன் கடைக்காரர் சின்னான், அதைவிடப் பெரிய ஊளை. வந்த அழைப்பெல்லாம் பழங்காநத்தம், அதிலும் ஒரே தெரு. வேறு ஊர்க்காரர் எவருக்காவது லைன் கிடைத்தால்தானே? மலையாண்டி சொன்ன வேலையைத் தெரு அப்படிச் செய்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செயலாளர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மாதங்கி விரலைச் சுழற்றி, பாட்டுப் போடட்டுமா என்று சைகை காட்டினார். பாட்டுப் போட்டால் முடிந்தது கதை. வேலை ஸ்ரீஜாவுக்கு.

சின்னானின் லைனைத் துண்டிக்கப் போனபோதுதான் அவள் அதைக் கேட்டாள். ஊளைக்கு நடுவே, ஒவ்வொரு 'ச'வுக்கும் ஒரு தகர நடுக்கம். அந்த நடுக்கம் அவளுக்குத் தெரியும். அழகர் திருவிழாவில் மரத்திலிருந்து விழுந்து விளிம்பு நசுங்கிய குழாய் அது. சீக்கு வந்த பிள்ளையைப் பார்ப்பது போல மலையாண்டி தடவிக்கொடுத்து வைத்திருக்கும் குழாய். தன் குரல் அதற்குள்ளிருந்து தனக்கே திரும்பி வருகிறது. ஆகா, இந்த மனுசன் கட்டிப்புட்டாரா!

அவளுக்குக் கோபம் வந்தது. சாதாரணக் கோபம் இல்லை. மேடையில் எத்தனை பேச்சாளர்களை அதட்டியிருப்பான், மைக்கை விட்டுத் தள்ளி நில்லுங்க, ஊளை விடுது என்று. ஊளையை அடக்குவதில் மதுரையில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. அவனே இப்படிச் செய்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

மாதங்கியைப் பார்த்து, பாட்டு வேண்டாம் என்று தலையாட்டினாள். போன் லைனை மூடினாள். ஊளை நின்றது. மைக்குக்குப் பக்கத்தில் குனிந்தாள். காலி நாற்காலி இப்போது காலியாக இல்லை.

"ஏங்க" என்றாள், மெதுவாக. "நான் தங்கம் பேசுறேன். குழாயை நிறுத்துங்க. நீங்க நிறுத்துனாத்தான் மத்தவங்க பேசுறது கேக்கும். நம்ம தெருவுக்குக் கேக்கணும்னுதான் கட்டியிருக்கீங்க, எனக்குத் தெரியும். குழாய் இல்லாமலே கேக்கும்ங்க. சத்தமாப் பேசுனா நீங்க திட்டுவீங்க, மெதுவாப் பேசுனா உங்களுக்குக் கேக்காது. இத்தனை வருசமா நான் சொல்லாம விட்டது இதுதான். இப்பச் சொல்லிட்டேன். நிறுத்துங்க."

பேச்சை நிறுத்தினாள். வானொலியில் மௌனம் மகா பாவம் என்று மூன்று வருசம் படித்தவள், அந்த மௌனத்தை அப்படியே விட்டுக் காத்திருந்தாள். செயலாளர் எழுந்து நின்றுவிட்டார்.

தெருவில் நடந்ததைச் சோலை அக்கா பிறகு ஊர் பூராவும் நடித்தே காட்டினாள். மூன்று குழாயிலும், அவன் வைத்த சத்தத்தில், அவன் பெண்டாட்டி அவனையே நிறுத்தச் சொல்லிக்கொண்டிருந்தாள். டீ குடித்தவர்கள் டம்ளரோடு திரும்பிப் பார்த்தார்கள். மாடியில் துணி காயப்போட்ட பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். மலையாண்டி ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில், காலையிலிருந்து கலையாத பெருமையோடு உட்கார்ந்திருந்தான். முதலில் அவனுக்குப் புரியவில்லை. வேறு யாரையோ சொல்கிறாள் என்று அவனும் சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு எழுந்து, தலையை நிமிர்த்தாமல் சுவிட்சை அணைத்தான். தெருவில் அந்த நேரம் ஒரு காக்கா கத்தியது எல்லோருக்கும் கேட்டதாம்.

ஸ்டுடியோவில் தங்கப்பொண்ணு லைனைத் திறந்தாள். "தங்கம், நிறுத்திட்டாருடி" என்றாள் சோலை அக்கா. சுத்தமான குரல், ஒரு துளி ஊளை இல்லை. "நான் ஒண்ணு சொல்லவா? பதினோரு வருசமா என் மாமியாருக்கு நான் வைக்கிற குழம்பு பிடிக்காதுன்னு எனக்குத் தெரியும். எனக்கும் அது பிடிக்காது. அதை நான் சொன்னதே இல்ல."

அதன் பிறகு போனை அடக்க முடியவில்லை. திருப்பரங்குன்றத்திலிருந்து ஒரு பெண், "எங்க வீட்டுக்காரர் டிவி சத்தத்தையும் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கக்கா" என்றாள். பசுமலை ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர், மனைவியிடம் இதுவரை சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன் என்றார். பின்னாலிருந்து அந்த அம்மாள், "ரேடியோவுல சொல்லத் தெரியுது!" என்றது தெளிவாகக் கேட்டது. ஒரு மணி நேரம் போதவில்லை.

முடித்து வெளியே வந்தபோது மாதங்கி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆள் கிடைச்சுட்டார் போல இருக்கே அக்கா" என்றார்.

செயலாளருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "சூப்பர்மா! இதையே வாரா வாரம் பண்ணிடலாம். உங்க ஹஸ்பண்டை வாரா வாரம் குழாய் கட்டச் சொல்லுங்க, நீங்க வாரா வாரம் நிறுத்தச் சொல்லுங்க. புரோகிராம் பேரே 'ஏங்க, நிறுத்துங்க'ன்னு வச்சுடலாம். ஸ்பான்சர் நான் பிடிக்கறேன்."

"அது வேண்டாம் சார்."

"ஏன்மா? ஜனங்க சிரிக்கறாங்களே."

"அவரு என் பேச்சைக் கேட்டு நிறுத்துனது இன்னைக்குத்தான் சார். அதைப் போயி வாரா வாரம் கேலிக்கூத்தா ஆக்கச் சொல்றீங்க."

"வேலை வேணுமா, வேண்டாமா?"

"வேணும் சார். ரொம்ப வேணும். ஆனா அவரை வச்சு வேண்டாம்."

"சரி, யோசிக்கறேன்" என்றார் செயலாளர். யோசிக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் மதுரையில் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

வீட்டில் நிலைமை அதைவிட மோசம். மலையாண்டி பேசுவதை நிறுத்திவிட்டான். சோறு போட்டால் சாப்பிட்டான், கேட்டதற்குத் தலையை ஆட்டினான். டீக்கடையில் ராஜபாண்டி, "மாப்ள, டீ சொல்லவா, இல்ல வீட்ல கேட்டுட்டு வர்றியா?" என்று ஆரம்பித்துவைத்தான். ஒரு கட்சிக் கூட்டத்தில் மைக் லேசாக ஊளையிட்டபோது கூட்டத்திலிருந்து ஒருவன், "ஏங்க, குழாயை நிறுத்துங்க!" என்று கத்த, மேடையில் இருந்த வட்டச் செயலாளர்கூடச் சிரித்துவிட்டார். மலையாண்டி அதைப் பற்றியும் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முன்னறையில் ஒன், டூ, த்ரீ கேட்பதே நின்றுபோனது. வேலையும் போய், புருசன் பேச்சும் போய், தட்டு அசையாத அடுப்படியில் தங்கப்பொண்ணு தனியாக நின்றாள். இத்தனை வருசம் அவள் கேட்ட அமைதி இதுதான். அது அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

பிறகு வேலை அவளுக்கே கிடைத்தது. 'தகுதி, திறமை ஆகியவற்றின் அடிப்படையில்' என்று தகவல் பலகையில் ஒட்டியிருந்தார்கள். அதெல்லாம் இருக்கட்டும். ஸ்ரீஜாவுக்குச் சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்து அவள் போய்விட்டாள், வேறு ஆள் இல்லை. அதைச் சொல்லும்போதும் ஸ்ரீஜா சிரித்தாள். இந்த முறை காரணத்தோடு.

'சொல்லாம விட்டது' தினமும் காலையில் என்று முடிவானது. செயலாளரின் சிந்தனைகள் முடிந்த கையோடு.

முதல் நாள் ஒலிபரப்பை முடித்துவிட்டு வெயிலில் வீடு திரும்பினாள். முன்னறையில் மலையாண்டி ஆம்ப்ளிஃபயரை ஓட விட்டு, ஏதோ ஒயரைச் சொருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பெட்டிகள் உறுமின. அவள் பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். அடுப்படிப் பக்கம் திரும்பினாள்.

"கேட்டேன்" என்றான் அவன்.

அவள் நின்றாள். "என்ன கேட்டீங்க?"

"ரேடியோ. அழகர்கோவில் பக்கத்துல ஒரு சடங்கு வீடு. குழாய் கட்டப் போனேன். அங்க ரேடியோ எட்டாது, போன்ல நெட்டுல போட்டேன். டவர் சரியா எடுக்கல, வண்டியை வயக்காட்டுப் பக்கம் ஓரங்கட்டிக் கேட்டேன்." ஒயரையே பார்த்துக்கொண்டு பேசினான். "சவுண்டு பத்தல. காதுகிட்ட வச்சுத்தான் கேக்க வேண்டியதாப் போச்சு. அம்புட்டு மெதுவா யாருக்குப் பேசுற?"

"உங்களுக்குத்தான்."

"அதை வீட்ல சொல்ல வேண்டியதுதான?"

"வீட்லதான் ஆம்ப்ளி ஓடுதே."

மலையாண்டி அவளைப் பார்த்தான். ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தான். கையை நீட்டி சுவிட்சை அணைத்தான். உறுமல் அடங்கியது. நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"சரி, சொல்லு" என்றான்.

தங்கப்பொண்ணு சேர்த்து வைத்ததெல்லாம் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்து நெருக்கியது. எதை முதலில் சொல்வது என்று அவளுக்குப் பிடிபடவே இல்லை.

சமையல் கேஸ் தீர்ந்துபோனதைச் சொன்னாள்.